ஜி.எம். காருக்கு ஒரு ஸ்டீல் கார்டு

மணிவேல் ஒரு ஃபிட்டர். வெறும் ஃபிட்டர். இதைத்தான் கருப்பசாமி அந்த மாதம் முழுக்க மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் புழுங்கிக்கொண்டிருந்தார். ஸ்பேனர் பிடிக்க வேண்டிய கைக்கு சால்டரிங் அயர்னில் என்ன வேலை?

ஓசூரில் அந்தப் பம்பு கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து கரண்ட் என்றால் கருப்பசாமிதான். விருதுநகர்ப் பக்கமிருந்து வந்து பதினாறு வருஷம். பேனல் போர்டு ட்ரிப் ஆனாலும் சரி, ஜி.எம். அறையில் ஏ.சி. மக்கர் பண்ணினாலும் சரி, கருப்பசாமியைக் கூப்பிடு என்பதுதான் பேச்சு. எலெக்ட்ரிக்கல் சூப்பர்வைசர் வருகிற தை மாதம் ரிட்டயர் ஆகிறார். அந்த நாற்காலி தனக்குத்தான் என்று வீட்டில் சொல்லியும் வைத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து இந்த மணிவேல் முளைத்தான். கெலமங்கலத்துக்காரன். ஜி.எம். திம்மப்பன் தினமும் பெங்களூரிலிருந்து காரில் வருகிறவர். ரிவர்ஸ் எடுத்தால் எதையாவது இடிக்காமல் ஓயமாட்டார். மணிவேல் அந்தக் காரின் பின் பம்பரைக் கழற்றி, பிளாஸ்டிக்கின் உட்புறம் நீளத்துக்கு ஒரு அலுமினிய டேப்பை ஒட்டினான். அதிலிருந்து ஒரு வயர், டிக்கிக்குள் சோப்பு டப்பாவில் அடைத்த சர்க்யூட், ஸ்டியரிங் பக்கம் ஒரு பஸ்ஸர். ரிவர்ஸ் கியர் போட்டதும் டேப்பைச் சுற்றி மின்காந்தப் புலம் பரவும். சுவரோ ஆளோ அதற்குள் வந்தால் பஸ்ஸர் கத்தும். நெருங்க நெருங்க அவசரமாகக் கத்தும். இரண்டாயிரத்து ஏழில் அப்படிக் கத்துகிற கார் ஓசூரில் ஒன்றோ இரண்டோதான் இருந்திருக்கும்.

ஜி.எம். நாலு தடவை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தார். முகமெல்லாம் பல்.

"ஏனப்பா, இவன் ஃபிட்டரா, இன்ஜினியரா?" என்று தன் கன்னடத் தமிழில் கேண்டீன் வாசலில் வைத்தே கேட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். கருப்பசாமியும் தட்டினார். வயிறு பற்றி எரிந்தது.

சரி, வீட்டிலாவது நிம்மதி உண்டா? அவர் குடியிருந்த மூக்கண்டப்பள்ளியில் பாதி வீடு அதே கம்பெனி ஆட்கள்தான். சேதி அவருக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்திருந்தது.

"நம்ம மிக்சிய அந்த மணிவேல் தம்பிகிட்டக் குடுத்துப் பாப்பமா?" என்றாள் மனைவி தமிழ்செல்வி. "நீங்களும் மூணு வாட்டி பிரிச்சுப் பாத்துட்டீக."

அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு வாரம் யோசித்தார். பிறகு ஜி.எம். அறையில் ட்யூப் லைட் மாற்றப் போனவர், ஏணியில் நின்றபடியே பேச்சுவாக்கில் போட்டார்.

"சார், அத்திப்பள்ளி டிராபிக்ல எவனாச்சும் பின்னாடி முட்டுனான்னா மணிவேல் செஞ்சதெல்லாம் வீணாப் போயிருமே. பாதுகாப்புக்கு ஒரு ஸ்டீல் கார்டு போட்ருங்க. ஜூஜுவாடிக் கடையில நல்ல அகலமா, பம்பரையே மறைக்கிற மாதிரி வச்சிருக்காங்க."

கார் வாங்கிய கையோடு ஊரே செய்கிற காரியம்தான். யாருக்குச் சந்தேகம் வரும்? ஆனால் பிளாஸ்டிக்கைத் தாண்டிப் போகிற புலம் இரும்புத் தகட்டைத் தாண்டாது என்பது கருப்பசாமிக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். தெரிந்துதான் சொன்னார். சொல்லிவிட்டு இறங்கியபோது மனசு லேசாக இருந்தது.

சனிக்கிழமை கார்டு ஏறியது. மணிவேல் தங்கை கல்யாணத்துக்காக லீவில் இருந்தான். அவன் திரும்பி வந்த திங்கட்கிழமை, ஷிப்ட் விடுகிற நேரத்தில், ஜி.எம். ரிவர்ஸ் எடுத்தார். பஸ்ஸர் கத்தவில்லை. கத்தாவிட்டால் பின்னால் ஒன்றுமில்லை என்று அர்த்தம் அல்லவா? தைரியமாக வந்தார். பைக் ஷெட்டில் ஏழு வண்டிகள் வரிசையாகச் சாய்ந்தன.

கூட்டம் கூடிவிட்டது. மணிவேல் ஓடிவந்தான்.

"உன் மெஷின் ஏன் கத்தலை?" என்று ஜி.எம். பாய்ந்தார்.

அவன் குனிந்து பார்த்தான். கார்டை விரலால் தட்டினான். "இரும்பு போட்டா இது வேல செய்யாதுங்க சார். யாருங்க போடச் சொன்னது?"

ஜி.எம். கூட்டத்துக்குள் தேடினார். "கருப்பசாமிதான் சொன்னது. ஏனப்பா, நீ எலெக்ட்ரீசியன். உனக்கு இது கொத்தில்லவா? தெரியாதா?"

முப்பது பேர் அவரையே பார்த்தார்கள். தெரியும் என்றால், வேண்டுமென்றே செய்தான் என்றாகும், வேலையே போகும். தெரியாது என்றால் பதினாறு வருஷப் பேரும் தை மாதத்து நாற்காலியும் போகும்.

"தெரியாதுங்க சார்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மணிவேல் சிரிக்கவில்லை. அவன் முகத்தில் சந்தேகம்கூட இல்லை. அதுதான் கருப்பசாமியால் தாங்க முடியாமல் போனது.

"விடுங்கண்ணா, எனக்கே மொதல்ல தெரியாது. இங்க வாங்க, சொல்றேன்" என்று கையைப் பிடித்துக் காருக்குப் பின்னால் குனியவைத்தான். இது பிளாஸ்டிக், இதுக்குள்ள டேப்பு, இது இரும்பு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னான். கருப்பசாமி ஒவ்வொன்றுக்கும் "அப்படியா" என்றார்.

"நல்லாக் கேட்டுக்கோ" என்றார் ஜி.எம். "இனி கரண்ட்ல எது சந்தேகம்னாலும் இவனக் கேட்டுட்டுச் செய்."

"சரிங்க சார்" என்றார் கருப்பசாமி.