மணிக்கு ஒரு விரல், கட்டைக்கு ஒரு விரல்

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு மார்ச் மாதம், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கணிதத் தாள் நடந்த அன்று, ரங்கூனின் பசுண்டாங் பள்ளி வாசலில் எங்கள் தரப்பில் நின்றவர்கள் இவர்கள்: பழனியப்பனாகிய நான், என் தம்பி கணேஷ்குமார், அவன் மனைவி சொர்ணம்மாள், கோயிலில் நாதஸ்வரம் வாசிக்கும் செல்லையா, எங்கள் தெருவில் குடைக்கடை வைத்திருக்கும் சாதிக் பாட்சா. வேறு எவரும் இல்லை. தாங்களும் நின்றதாகப் பிறகு பலர் சொல்லிக்கொண்டார்கள். நிற்கவில்லை.

உள்ளே தேர்வு எழுதியவள் தம்பி மகள் தமிழரசி.

எங்கள் தகப்பனார் ரங்கூன் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு பார்த்தவர். எங்கள் வீட்டில் கணக்கில் தோற்றவர் என்று ஒருவரும் கிடையாது. முந்தைய ஆண்டு தமிழரசி தோற்றாள். ஒரு பாடம் போனால் முழுத் தேர்வும் போன மாதிரிதான். வீட்டில் தண்ணீராய்ப் போடுகிற கணக்கு, தேர்வறையில் அவளுக்கு வரவில்லை.

"தெரியாம இல்ல பெரியப்பா. தெரிஞ்சதெல்லாம் எழுந்து ஓடிப்போயிடுது" என்றாள்.

இந்த முறையும் தவறினால் இனி எழுதப்போவதில்லை, ஆற்றுக்கு அக்கரையில் தன்லியின் என்ற ஊரில் இருக்கும் தையல் ஆலைக்குப் போய்விடுவேன் என்றும் சொன்னாள். சொன்னால் செய்வாள். அந்தக் குணம் எங்கள் வீட்டுக் குணம்.

அவளுக்கு டியூஷன் எடுத்தவர் டோ தின் மே என்ற பர்மிய ஆசிரியை. சோதனைத் தாளைக் கொடுக்கும் முன் பிள்ளைகளைக் கண்மூடி உட்காரச் சொல்லி, கேசட்டில் பர்மிய யாழிசை போடுவார். வில்லாய் வளைந்த யாழ், மெதுவான பாட்டு. பாடுகிற பெண்ணே தாளமும் போடுவாள், சின்ன மணியை ஒரு தட்டு, மரக்கட்டையை ஒரு தட்டு. மணிக்கு 'சீ' என்று பெயர், கட்டைக்கு 'வா'. அதைக் கேட்டுவிட்டு எழுதினால் தமிழரசிக்குக் கணக்கு ஓடிப்போவதில்லை என்று சொர்ணம்மாள் வந்து சொன்னாள்.

"இசைதான் மருந்து என்றால், நம்மிடம் இல்லாத இசையா?" என்று கேட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செல்லையாவை வீட்டுக்கு வரவழைத்தேன். தமிழரசியின் முன் ஒரு சோதனைத் தாளை வைத்தோம். அவர் சீவாளியை நனைத்து ஊதினார். கீழ்வீட்டுக் குழந்தை வீறிட்டது. மாடியில் இருந்தவர்கள் யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்டு இறங்கி வந்தார்கள். தமிழரசி காதைப் பொத்திக்கொண்டாள்.

எதிர்க் கடையிலிருந்து சாதிக் பாட்சா கத்தினார்: "அண்ணே, இந்தச் சத்தத்துக்குக் கணக்கு வராது, மாப்பிள்ளைதான் வருவான்!"

செல்லையாவின் வாசிப்பில் குறை ஏதும் இல்லை. மங்கல வாத்தியத்துக்கு அறை சிறியது, அவ்வளவே. அதன்பின் யாழே நடக்கட்டும் என்றேன். மின்சாரம் நின்று போகும் நாட்களுக்காகக் கேசட் பெட்டிக்கு பேட்டரியும் வாங்கிக் கொடுத்தேன்.

தேர்வறைக்குள் கேசட் பெட்டி கொண்டுபோக முடியாது. டோ தின் மே தன் மற்ற மாணவர்களுடன் தன்லியின் ஊர்த் தேர்வு மையத்துக்குப் போயிருந்தார். தமிழரசி, பர்மியப் பெண்களைப் போல வெற்றிக்காகத் தபியே இலைக்கொத்தைக் கூந்தலில் செருகிக்கொண்டு உள்ளே போனாள். அவள் இடம் முதல் மாடி ஜன்னல் ஓரம். வாசலிலிருந்து அவள் தலை தெரிந்தது.

கொஞ்ச நேரம் போனதும் சொர்ணம்மாள் என் பக்கம் வந்தாள். "மாமா, அவ எழுதல."

"எழுதுவாள்."

"இல்ல மாமா. வெளியவே பாத்துக்கிட்டு இருக்கா. அந்த முழி எனக்குத் தெரியும்."

நான் பதில் சொல்வதற்குள் டிபன் கேரியரிலிருந்து கரண்டியை எடுத்து அதன் மூடியில் ஒரு தட்டு தட்டினாள். டிங். பிறகு சாதிக் பாட்சா கையிலிருந்த குடையின் மரப்பிடியில் ஒரு தட்டு. டொக். அவசரமில்லாமல் மறுபடியும். டிங். டொக்.

வாசல் போலீஸ்காரர் வந்துவிட்டார். "என்னம்மா, தட்டித் தட்டி மோஹிங்கா நூடுல்ஸ் விக்க வந்தியா? உள்ள வச்சிடு அதை."

அவள் உள்ளே வைத்துவிட்டாள். ஆனால் மாடியில் தமிழரசியின் தலை குனிந்திருந்தது. எழுதிக்கொண்டிருந்தாள்.

அந்த நிம்மதி நீடிக்கவில்லை. மேற்பார்வையாளர் ஒருவர் அவள் பக்கத்தில் வந்து நின்றார். அவள் எழுந்தாள். ஜன்னல் காலியானது.

கணேஷ்குமார் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டான். "போச்சு அண்ணே. காப்பி அடிச்சான்னு எழுதிட்டா மூணு வருஷம் உக்கார முடியாது."

"எழுந்து நில். நம் பிள்ளை திருடவில்லை. நீ உட்கார்ந்தால் திருடியதாக ஆகிவிடும்" என்றேன்.

எழுந்தான். ஐந்து பேரும் அந்த ஜன்னலைப் பார்த்தபடி நின்றோம்.

உள்ளே நடந்ததைத் தமிழரசி பிறகு சொன்னாள். இடது கைப் பெருவிரலால் ஆள்காட்டி விரலை ஒருமுறை, சுண்டுவிரலை ஒருமுறை தொட்டுக்கொண்டே எழுதியிருக்கிறாள். யாருக்கோ சைகை காட்டுகிறாள் என்று மேற்பார்வையாளர் தலைமை அதிகாரியிடம் அழைத்துப்போனார். அவர் வயதான பர்மிய ஆசிரியை, பிள்ளைகள் மரியாதையாகச் சயாமா என்பார்கள்.

"விரலில் என்ன?"

"சீ, வா, சயாமா."

"எந்தப் பாட்டுக்கு?"

தமிழரசி அங்கேயே நின்று மெல்ல முனகிக்காட்டினாள், விரல்களில் தாளம் போட்டபடி. அந்த அம்மையார் மேசையில் தானும் விரல் தட்டிக் கேட்டார். இரண்டு அடி முடிந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"கடைசியில் கட்டை கொஞ்சம் பிந்தி விழணும். அவசரப்படுறே. கணக்குலயும் அப்படித்தானோ? போய் உக்காந்து எழுது."

ஜன்னலில் தபியே கொத்து மறுபடி தெரிந்தபோது சொர்ணம்மாள் என் எதிரிலேயே சத்தமாக அழுதாள். கடைசி மணிவரை தமிழரசி நிமிரவே இல்லை. இடையில் கையை உயர்த்திக் கூடுதல் தாள் கேட்டதை ஐவரும் பார்த்தோம்.

வெளியே வந்தவளிடம் சாதிக் பாட்சா கேட்டார்: "என்னம்மா, எல்லாம் ஓடிப்போச்சா?"

"இல்ல மாமு. உக்காந்த எடத்த விட்டு ஒண்ணும் எழுந்திருக்கல" என்றாள்.

ஜூன் மாதம் மழையில் பள்ளிச் சுவரில் முடிவு ஒட்டினார்கள். அவள் எண் இருந்தது. எண்ணின் பக்கத்தில் கணிதத்துக்குச் சிறப்புத் தேர்ச்சிக் குறியும் இருந்தது. நான் செல்லையாவை வாத்தியத்தோடு வரச்சொன்னேன். சாதிக் பாட்சா தன் கடையிலேயே பெரிய குடையை எடுத்து வந்து செல்லையாவின் தலைக்கு மேல் பிடித்தார். தமிழரசி முன்னே நடக்க, பள்ளியிலிருந்து வீடுவரை நாதஸ்வரம் முழங்கியது. பர்மியர், சீனர், நம்மவர் எல்லோரும் பால்கனிகளில் வந்து நின்றார்கள். அறைதான் சிறியதாக இருந்தது. தெரு போதுமான அளவு பெரியது.

தேர்வு நாளில் சொர்ணம்மாள் கரண்டியால் தட்டி விடைகளை உள்ளே அனுப்பினாள் என்று டீக்கடையில் இன்னும் சிலர் பேசுகிறார்கள். அது பொய். அந்தத் தாளிலிருந்த கணக்குகளில் ஒன்றைக்கூட, முதலில் நான் பெயர் சொன்ன ஐந்து பேரில் எவராலும் போட முடியாது. நான் உட்பட.