இருநூற்றுப் பத்தாவது அடியில் கேட்டது

அவள் இயல்பிலேயே பயந்தவள். அடுப்பை அணைத்த பிறகும் இரண்டு தடவை போய்ப் பார்ப்பாள். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு நாலு படி இறங்குவாள், திரும்ப ஏறி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பாள். "நீ பயப்படறதுக்குன்னே வீட்ல தனியா ஒரு ரூம் கட்டணும்" என்று கணவர் கேலி செய்வார்.

வேலை என்று வந்தால் மட்டும் கை நடுங்காது. காதுக்கருவி விற்கும் கடையின் பின்னறையில் உட்கார்ந்து இருபது வருஷமாக அவள் மற்றவர்களின் காதுக்கருவிகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் நகத்தளவு தகட்டில் மயிரிழை போன்ற கம்பியைப் பற்றவைக்க அந்தக் கடையில் அவளை விட்டால் ஆளில்லை. ஆனால் முதலிலிருந்து கடைசிவரை தானாக ஒன்றைச் செய்ததில்லை என்ற குறை அவளுக்கு இருந்தது. அதனால்தான் அந்தப் பெட்டியை வாங்கினாள். உள்ளே ஒரு பச்சைத் தகடு, இரண்டு டிரான்சிஸ்டர், கம்பி சுற்றிய ஒரு கருப்புக் குச்சி, பட்டன் மாதிரி ஒரு மைக். எல்லாவற்றையும் சேர்த்துப் பேட்டரியை மாட்டினால் நாம் பேசுவது பக்கத்து அறை ரேடியோவில் கேட்கும். சின்னதாக ஒரு ஏ.எம். ஒலிபரப்பி.

மூன்று ஞாயிற்றுக்கிழமை அதோடு மல்லுக்கட்டினாள். மூன்றாவது ஞாயிறு மாலை மூன்றரை மணிக்கு அது பேசிவிட்டது. சமையலறை ரேடியோவில் கணவரின் இருமல் கேட்டதும் அவள் சிறு பிள்ளை மாதிரி கை தட்டினாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க ஆசை வந்துவிட்டது. ஏரியல் கம்பி ஒரு முழம் இருந்தால் போதும் என்று செய்முறைத் தாளில் போட்டிருந்தது. அவள் ஏழு முழம் எடுத்தாள். சமையலறை ஜன்னல் வழியாக வெளியே விட்டு, பின்பக்கப் பால்கனியில் துணி காயும் கொடியோடு கொடியாகக் கட்டினாள். கட்டும்போதே புலம்ப ஆரம்பித்தாள். யாராவது பார்த்துப் புகார் கொடுத்துவிட்டால்? கேள்வி கேட்டு ஆள் வந்துவிட்டால்?

"வந்தா நான்தான் நிலைய இயக்குநர்னு சொல்லிக்கறேன். நீ வெறும் மெக்கானிக். போ" என்றார் கணவர்.

அவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். சந்தி பிசகினால் சோறு இறங்காது. ஒற்று விட்டுப்போன விளம்பரப் பலகையைத் தெருவில் பார்த்தால் கடைக்குள்ளேயே போய்ச் சொல்லிவிட்டு வருவார். அதனால் அந்தப் பக்கத்தில் அவருக்கு 'ஒற்று சார்' என்றே பேர் விழுந்துவிட்டது.

ஏற்பாடு இதுதான். மேசை முன் உட்கார்ந்து அவர் மைக்கில் ஏதாவது வாசித்துக்கொண்டே இருக்க வேண்டும். அவள் கைக்கடக்கமான ரேடியோவோடு தெருவில் நடந்து, முப்பது காலடிக்கு ஒரு தடவை நின்று, நேரத்தையும் சத்தம் எப்படி இருக்கிறது என்பதையும் நோட்டில் குறித்துக்கொள்வாள்.

"கதவை உள்ள தாழ் போட்டுக்கோங்க. யாராவது வந்து பேச்சுக் குடுத்தா எல்லாம் கெட்டுடும்" என்றாள் கிளம்பும்போது. முதல் மாடிப் படி இறங்கும்போதே பின்னால் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. கீழே சைக்கிள் கடைக்காரர் ஒரு சக்கரத்தைக் கவிழ்த்துப் போட்டு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தார். "எங்கக்கா, வெயில்ல?" என்றார். "சும்மா ஒரு நடை, தம்பி" என்று சொல்லிவிட்டு இயர்போனைக் காதில் செருகினாள்.

காதுக்குள்ளேயே உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது கணவரின் குரல். வாசிக்க வேறொன்றும் கிடைக்காமல் அந்தச் செய்முறைத் தாளையே எடுத்துக்கொண்டிருந்தார். தாளில் பிழை மலிந்திருந்ததால் அவருக்குக் கொண்டாட்டம்.

"'மின்கலத்தை தலைகீழாக மாட்டாதீர்கள்.' மின்கலத்தைத்! இங்க ஒரு 'த்' போட்டா என்ன கொறஞ்சா போயிடும்? அடுத்து. 'கம்பியை பிடித்து இழுக்காதீர்கள்.' கம்பியைப். எழுதின ஆளத்தான் பிடிச்சு இழுக்கணும்."

நடுத்தெருவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதிரே நாயோடு வந்த ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

முப்பது, அறுபது அடிகளில் கணீரென்று இருந்தது. தொண்ணூறுக்கும் நூற்றிருபதுக்கும் நடுவே டிரான்ஸ்பார்மர் நின்றது. அதன் இரைச்சல் குரலை முழுசாக விழுங்கிவிட்டது. அதைத் தாண்டியதும் குரல் திரும்பி வந்தது. நூற்றைம்பதாவது அடியில், பூட்டிக் கிடந்த சலவைக் கடை வாசலில் நின்று அவள் குறித்தாள்: 4.07, தெளிவு.

நூற்றெண்பதில், "'சுருளை திருகும்போது கவனம் தேவை'" என்று வாசித்தார். வாசித்துவிட்டு மேலே போனார். சுருளைத் என்று திருத்தவில்லை. தூரம் அதிகமாகிவிட்டது, அந்த ஒரு 'த்' காற்றில் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

இருநூற்றுப் பத்தாவது அடி, பேருந்து நிறுத்தம். குரல் மெலிந்திருந்தாலும் கேட்டது.

"பேட்டரியை... பேட்டரியை அதன்..." சற்று நிறுத்தினார். "ஜன்னலை அதன் பெட்டியில் வைத்து மூடவும்."

விளையாடுகிறார் என்று நினைத்தாள். அடுத்த வரியில் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு குழைந்தன. ரேடியோவின் சக்கரத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினாள். அலைவரிசை நகர்ந்துவிட்டதா? பேட்டரி இறங்கிவிட்டதா? எந்தப் பற்றவைப்பு விட்டிருக்கும் என்று மனசு தகட்டின் மேல் ஒவ்வொரு புள்ளியாக ஓடியது. பற்று விட்டால் கரகரக்கும். பேட்டரி இறங்கினால் குரல் தேயும். இருபது வருஷத்தில் இந்த இரண்டையும் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள்.

ஆனால் எந்தக் கோளாறும் பேட்டரியை ஜன்னல் ஆக்காது.

கோளாறு தகட்டில் இல்லை.

"நாக்கு... என்... என்னமோ..." என்றது ரேடியோ. நாற்காலி சரியும் சத்தம். கனமாக எதுவோ தரையில் விழுந்தது. அப்புறம் மூச்சு மட்டும், புஸ் புஸ் என்று.

"என்னங்க!" என்று ரேடியோவைப் பார்த்துக் கத்தினாள். அதில் கேட்கத்தான் முடியும், பேச முடியாது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் இன்னொரு தடவை கத்தினாள். பிறகு திரும்பி ஓடினாள். ஓடிக்கொண்டே அவர் கைபேசிக்கு அழைத்தாள். ஒரு காதில் தன் கைபேசியின் மணி போனது. மறு காதில், ரேடியோவில், வீட்டு மேசைமேல் அவர் கைபேசி அடிக்கத் தொடங்கியது. அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. இடையில் எதுவோ தரையில் உராய்ந்தது. "ம்... ம்..." என்று ஒரு முனகல். எட்டப் பார்க்கிறார், எட்டவில்லை. தான் செய்யும் அழைப்பை அவர் எடுக்க முடியாமல் தவிப்பதைத் தானே கேட்டுக்கொண்டு ஓடுவது தாங்கவில்லை. துண்டித்தாள்.

சைக்கிள் கடை எண்ணைத் தேடி அழுத்துவதற்குள் விரல் மூன்று தடவை வழுக்கியது.

"தம்பி, மேல போங்க! அவர் விழுந்துட்டார். உள்ள தாழ் போட்டிருக்கு. எப்படியாவது உள்ள போங்க!"

"நீங்க எங்கக்கா இருக்கீங்க? விழுந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ரேடியோல கேக்குது!"

"ரேடியோலயா?"

"ஐயோ, போங்க தம்பி!"

அந்த மனிதர் ஓடும் சத்தம் போனில் கேட்டது. அடுத்ததாகச் சலவைக் கடை வாசலில் நின்று ஆம்புலன்ஸை அழைத்தாள். மூச்சிரைப்பில் முகவரியை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. ஒரு செருப்பு எங்கோ கழன்று போயிருந்தது. காதில் கதவு இடிபடும் சத்தம் தூரத்தில் கேட்டது. "சார்! ஒற்று சார்! கதவைத் திறங்க!" பதிலுக்கு ஒரு முனகல்கூட இல்லை. தாழ்ப்பாளை நான்தானே போடச் சொன்னேன், நான்தானே போடச் சொன்னேன் என்று ஒவ்வோர் அடிக்கும் நெஞ்சு சொன்னது.

டிரான்ஸ்பார்மர் வந்தது. இரைச்சல் எல்லாவற்றையும் மூடியது. வெறும் முப்பது அடிதான். அந்த முப்பது அடியும் அவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் ஓடினாள்.

அந்தப் பக்கம் வெளியே வந்ததும் மூச்சுச் சத்தம் மறுபடி கேட்டது. இருக்கிறார். கதவு இடிபடுவது நின்றிருந்தது. பால்கனிப் பக்கம் ஏணி உரசும் ஒலி. அப்புறம் டப்பென்று ஓர் ஓசை, அதோடு எல்லாம் அறுந்தது. மூச்சு இல்லை, முனகல் இல்லை. வெறும் உஸ்ஸென்ற சத்தம். சக்கரத்தைத் திருப்பினாள், காதோடு அழுத்தினாள். ஒன்றுமில்லை.

முடிந்துவிட்டது என்றே நினைத்தாள். கால் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

படியேறி வந்தபோது கதவு உள்ளிருந்து திறந்தது. கையெல்லாம் கிரீஸோடு சைக்கிள் கடைக்காரர் நின்றார். கம்பி போவதற்காக அவள் சமையலறை ஜன்னலைச் சாத்தாமல் ஒருக்களித்து விட்டிருந்தாள். அவர் பின்பக்கம் ஏணி போட்டு ஏறி, அந்த இடுக்கில் கையை விட்டுத் திறந்து குதித்திருந்தார். குதித்தபோது கம்பி அறுந்துபோயிருந்தது.

"இருக்கார்க்கா. முழிச்சுட்டுத்தான் இருக்கார். பேச்சு மட்டும் வரல."

கணவர் தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். முகத்தின் வலது பாதி தொங்கியிருந்தது. கண்கள் அவளைக் கண்டுகொண்டன. அந்தக் கண்களில் இருந்த பயத்தை அவள் அதுவரை அவரிடம் பார்த்ததே இல்லை. வீட்டில் பயப்படுவது எப்போதும் அவள் வேலையாகத்தான் இருந்தது. தரையில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "வந்துட்டேன். ஒண்ணுமில்ல. வந்துட்டேன்" என்றாள், ஆம்புலன்ஸ் வரும்வரை.

மருத்துவமனையில் டாக்டரம்மா முதலில் கேட்டது நேரம்.

"கடைசியா எப்பம்மா சரியா பேசினார்? சுமாரா சொல்லாதீங்க. அதை வெச்சுத்தான் மருந்து."

அவள் நோட்டைப் பிரித்தாள். நூற்றெண்பதாவது அடியில், 4.09-க்கு நேராக 'தெளிவு' என்றுதான் எழுதியிருந்தாள். ஆனால் 'சுருளை' என்பதை அவர் திருத்தாமல் விட்டது அங்கேதான். அவருடைய இருபத்தாறு வருஷ வாழ்க்கைத் துணை அவள். நல்ல நிலையில் இருந்திருந்தால் அந்த 'த்'தை அவர் விட்டிருக்கமாட்டார்.

"நாலு ஏழு" என்றாள்.

"அவ்வளவு உறுதியாவா?"

"கேட்டுக்கிட்டே இருந்தேன், டாக்டர்."

மூளைக்குப் போகும் குழாயில் ரத்தம் கட்டியிருந்தது. கட்டியைக் கரைக்க ஊசி இருந்தது, சீக்கிரம் போட வேண்டும். நூற்றில் சில பேருக்கு அதே ஊசியால் மூளைக்குள் ரத்தம் கசியலாம், உயிருக்கே ஆபத்தாகலாம் என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். தாளை நீட்டினார்கள். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறவள் அவள். இதை இழுத்துப் பார்க்க வழியில்லை. இடது கையால் வலது மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

அப்புறம் நடைக்கூடத்தில் காத்திருப்பு. சைக்கிள் கடைக்காரர் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எங்கிருந்தோ ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கி வந்து அவள் காலடியில் வைத்தார். கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் இருவரும் சேர்ந்து எழுந்தார்கள், சேர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து நர்ஸ் கூப்பிட்டாள். அவர் வலது கை விரல்கள் லேசாக அசைந்துகொண்டிருந்தன. உதடு கோணிக்கொண்டே, "தண்ணி" என்றார். தண்ணீரைத்தான் கேட்டார், வேறொன்றைச் சொல்லவில்லை என்று உறுதியான பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

நாலாம் நாள் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போனாள். மேசையில் ஒலிபரப்பியை யாரும் அணைத்திருக்கவில்லை. பேட்டரி தீர்ந்து தானே அடங்கியிருந்தது. அதுவரை ஆளில்லாத வீட்டின் மௌனத்தை அது ஒலிபரப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. கம்பிகளைக் கழற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். எறிய மனம் வரவில்லை, தொடவும் மனம் வரவில்லை.

ஊசி அவரைக் காப்பாற்றிக் கொடுத்தது, ஆனால் முழுசாக அல்ல. வலது கையில் பேனா நிற்க மறுத்தது. சில சொற்கள் வர மாட்டேன் என்றன, சில இடம் மாறி வந்தன. வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போனாள். அங்கே ஓர் அம்மா படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டுவார். அவர் பெயர் சொல்ல வேண்டும். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே விழும் அந்த அமைதியில் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வீட்டிலும் அப்படித்தான். குளியலறையில் அவர் செருமுவது ஒரு நிமிஷம் நின்றால் போதும், வாசலில் போய் நிற்பாள். "என்னங்க?" என்பாள். "இருக்கேன்" என்று உள்ளிருந்து பதில் வரும்.

ஒரு நாள் பயிற்சி முடிந்து பேருந்துக்காகக் காத்திருந்தபோது அவர் கேட்டார். "நீ ஏன் என் வாயையே... பாத்துட்டு இருக்க?"

"சும்மாதான்."

"பயமா?"

பொய் சொல்ல நினைத்து வாயைத் திறந்தாள். "ஆமாங்க. எப்பவும் பயமாவே இருக்கு."

அவர் சொல்லைத் தேடுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. எடுத்துக் கொடுக்காமல் காத்திருந்தாள்.

"எனக்கும்தான்" என்றார்.

பேருந்து வந்தது. அவர் முதலில் ஏறினார். இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது கையைப் பின்னால் அவள் பக்கம் நீட்டினார். அந்தக் கையில் இன்னும் பிடி சரியாக விழவில்லை. அவள்தான் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.