திரும்பிப் பார்த்துவிட்டு ஓடியவள்

வட்டவளைக்கு மேலேயுள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் குளவிக்குத் தப்பிய ஆளைக் காண்பது அரிது. றோசலினையே இருபது வருசத்தில் மூன்று தடவை கொட்டியிருக்கிறது. அதனால் செவ்வாய்க்கிழமை பத்து மணிபோல மேல் நிரையில் இரைச்சல் எழுந்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது. கூடையைக் கழற்றி வீசிவிட்டு ஓடினாள்.

பக்கத்து நிரையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த மீனம்மாவும் ஓடினாள். தண்ணீர் வடியும் கான் ஒன்று குறுக்கே வர, கால் இடறி அதற்குள் விழுந்தாள். "அக்கா!" என்று அவள் அலறியது றோசலினுக்குத் தெளிவாகவே கேட்டது. திரும்பிப் பார்த்தாள். மீனம்மாவின் முதுகெல்லாம் குளவி. பதினைந்து அடிகூட இராது. இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து அவள்மேல் போர்த்தியிருக்கலாம். றோசலின் பாதையைப் பார்த்து ஓடினாள்.

பாதையில் நின்று அவள் போட்ட கூச்சலைக் கேட்டு, மருந்தடிக்கப் போன ஆண்கள் தீப்பந்தம் கொளுத்திக்கொண்டு ஏறிப்போனார்கள். மீனம்மாவைத் தூக்கிவந்து, கொழுந்து லொறியில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். றோசலினுக்கு இரண்டே கொட்டு. அவள் நேரே, வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவுக்குப் போய், மீனம்மாவின் மூன்று வயது மகள் தனுஜாவைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்கு வந்தாள். மீனம்மாவின் புருசன் யோகேஸ்வரனுக்குக் கொழும்பில் கடை வேலை. அன்று மாலை வந்தவன் ஆஸ்பத்திரி வாசலிலேயே கிடந்தான்.

அதற்குப் பிறகு றோசலினின் கைகள் ஒரு வேலையும் மனசு வேறொரு வேலையும் பார்த்தன. ரொட்டி தட்டும்போது மனசுக்குள் படங்கை அவிழ்த்துப் போர்த்தினாள். பிள்ளையின் சட்டையை அலசும்போது கானுக்குள் குதித்து மீனம்மாவை இழுத்தெடுத்தாள். ஒவ்வொரு தடவையும் மீனம்மா பிழைத்தாள், றோசலினும் பிழைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொல்லி அழுதாள். சாமியார் பரிகாரம் சொல்லி மன்னிப்புக் கொடுத்தார். செய்தது மன்னிக்கப்பட்டதென்று அவள் நம்பினாள்.

ஆனால் வீடு திரும்பும்போது நினைப்பு வேறு தினுசில் வந்தது. 'நான் பக்கத்து வீட்டு வேலாயியா இருந்திருந்தா ஓடியிருப்பேனா? அவ நின்னிருப்பா. நான் ஓடுற சாதி.' படங்கைப் போர்த்தாததற்கு மன்னிப்புக் கேட்கலாம். றோசலினாக இருப்பதற்கு யாரிடம் போய்க் கேட்பது? ஆஸ்பத்திரிக்குப் போக அவளுக்குக் கால் எழவில்லை. வேலாயியிடம் கஞ்சி கொடுத்தனுப்பினாள். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை மாலை மீனம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். றோசலின் பிள்ளையையும் துவைத்து மடித்த துணியையும் கொண்டுபோய் அவளுடைய லயத்து வீட்டு வாசலில் நின்றாள். மீனம்மாவின் முகம் இன்னும் வீங்கியிருந்தது. ஒரு கண் பாதிதான் திறந்தது. தனுஜா ஓடிப்போய் அம்மாவின் மடியில் விழுந்தாள்.

"உள்ள வாங்கக்கா."

"இல்ல, அடுப்புல வேலை கெடக்கு."

"அடுப்பு எங்கயும் போகாது. வாங்க."

றோசலின் உள்ளே வந்தாள், உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்: "நீ கூப்புட்டது எனக்குக் கேட்டுச்சு, மீனம்மா."

"தெரியும். திரும்பிப் பாத்தீங்களே."

றோசலின் கையிலிருந்த துணியை ஒரு மூலையில் வைத்தாள்.

"ஆறு நாளா படுத்துக்கெடந்து நானும் அதையேதான் நெனச்சேன்," என்றாள் மீனம்மா. "மொத ரெண்டு நாளு கோவம்தான். மனசுல ஒங்களத் திரும்பி வரவச்சுப் பாத்தேன். வந்தீங்க. ரெண்டு பேரும் கான்லயே கெடந்தோம். பாதையில கத்துறதுக்கு ஆளு இல்ல. எப்புடி மாத்திப் பாத்தாலும் தனுஜா பிள்ளைக்காம்பராவுல ஒத்தையா ஒக்காந்து அழுதா. அப்பறம் வேலாயிக்கா வந்து, பிள்ள ஒங்ககிட்ட இருக்குன்னு சொன்னாங்க. அன்னைக்குத்தான் தூங்குனேன்."

"இருந்தாலும் நான்..."

"பொறுங்கக்கா, இன்னொன்னு இருக்கு." மீனம்மா பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள். "மேல் நிரை மரத்துல குளவிக்கூடு இருந்ததை நான் கொட்டுறதுக்கு மொத நாளே பாத்தேன். அங்க கொழுந்து நல்லா இருந்துச்சு. சொன்னா நிரைய மாத்திருவாங்கன்னு வாயத் தொறக்கல."

றோசலினுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நீ மட்டும் சொல்லியிருந்தா" என்று ஆரம்பித்தவள், அந்த 'இருந்தா' தன் வாயிலிருந்து வருவதைக் கேட்டு நிறுத்தினாள். எத்தனை நாள் தன்னையே குத்திய வார்த்தை அது! எதிரே வீங்கிய முகத்தோடு, பார்வையைத் தாழ்த்தாமல், தன் தப்பைத் தானே எடுத்துச் சொல்லிவிட்டு ஒருத்தி இருந்தாள். அப்படியும் சொல்லலாம் என்று றோசலினுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் பாயில் உட்கார்ந்தாள்.

"கால் ஓடிருச்சு, மீனம்மா. மன்னிச்சுக்க."

"நீங்களும் மன்னிச்சுக்கங்க. கூடு எந்த மரத்துல இருக்குன்னு நாளைக்குப் பெரட்டுல கண்டாக்கையாகிட்டச் சொல்லணும். கூட வர்றீங்களா?"

மறுநாள், ஆட்களுக்கு வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில், எல்லோர் முன்னாலும், றோசலினின் தோளைப் பிடித்துக்கொண்டு மீனம்மா நடந்ததைச் சொன்னாள். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு இருவரையும் சேர்த்தே ஏசினார். ஏசிவிட்டு, கூட்டை அகற்றும்வரை அந்த மலைக்கு யாரும் போகக்கூடாது என்று கங்காணியிடம் உத்தரவு போட்டார். திரும்பி வரும்போது மீனம்மாவுக்கு மூச்சு வாங்கியது. கோயில் மேட்டில் இருவரும் உட்கார்ந்தார்கள். தோளில் சாய்ந்திருந்த மீனம்மாவின் உடம்புச் சூடு றோசலினுக்குப் பட்டது. 'உயிரோட இருக்கா, ஆண்டவரே, ரெண்டு பேருமே இருக்கோம்' என்று வாய்விட்டே சொன்னாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. மெதுவா எந்திரி. வீட்டுல ஒனக்குக் கஞ்சி வச்சிருக்கேன்."