ஞானபாய் ஏறிய கூட்ஸ் வண்டி

பகவதியப்பன் ரயிலைக் கண்ணால் கண்டதில்லை. வட்டக்கோட்டைப் பக்கத்து ஊர்க்காரன் ரயில் பார்க்க வேண்டுமென்றால் திருநெல்வேலிக்குப் போக வேண்டும். அவனுக்கு அந்தத் தேவை வந்ததேயில்லை. மாட்டுவண்டி செய்வதில் மட்டும் அவனை அடிக்கச் சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது. அவனிடம் போய்த்தான், 1932-ஆம் வருஷம் ஆடி மாதத்தில், செல்வதாஸ் நான்கு கூட்ஸ் வண்டி வேண்டும் என்று கேட்டார்.

செல்வதாஸ் இலங்கையில் தேயிலை பேக்டரியில் இருபத்தெட்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அங்கே ஒரு வெள்ளைக்காரத் துரை, பங்களா புல்வெளியில் சின்னஞ்சிறு ரயில் ஒன்று ஓட்டிக்கொண்டிருந்தார். எஞ்சின் இடுப்பு உயரம் கூட இராது. ஆனால் நிஜக் கரி, நிஜ நீராவி. தண்டவாளங்களுக்கு இடையே ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளி. தேயிலை விலை விழுந்து துரை ஊருக்குக் கிளம்பியபோது, இதன் அருமை தெரிந்தவன் நீ ஒருவன்தான் என்று சொல்லி எஞ்சினையும் தண்டவாளங்களையும் செல்வதாஸிடம் கொடுத்துவிட்டார். ஆட்கள் உட்காரும் பெட்டிகளைக் கறையான் தின்றிருந்தது. எஞ்சின் தூத்துக்குடிக்குக் கப்பலில் வந்து, மாட்டுவண்டியில் அவருடைய தென்னந்தோப்புக்கு வந்து சேர்ந்தது.

"ஆளு ஏறுத பெட்டி வேண்டாமா ஐயா?" என்று பகவதியப்பன் கேட்டான்.

"வேண்டாம் வே. சாமான் வண்டிதான் வேணும். அங்க இலங்கையில அட்டன் ஸ்டேஷன்ல தேயிலைப் பெட்டிய ஏத்திக்கிட்டு ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணாப் போகும் பாத்துக்கிடும், அதப் பாக்கதுக்குன்னே நான் ஞாயித்துக்கிழமை கோயில் முடிஞ்சதும் ஓடுவேன். ஆளு வேணும்னா மேல கால விரிச்சு உக்காரட்டும்."

முதல் இரண்டு நாள் சண்டையிலேயே போயிற்று. மாட்டுவண்டியில் அச்சு நிற்கும், சக்கரம் சுற்றும். இதிலோ சக்கரத்தை அச்சோடு இறுக்கி, இரண்டும் சேர்ந்து சுற்ற வேண்டுமாம். "அப்பிடி ஒரு வண்டி உலகத்துல உண்டுமா?" என்று பகவதியப்பன் கேட்டான். செல்வதாஸ் ஆட்களை விட்டு எஞ்சினைச் சாய்த்துக் காட்டினார். அதன் பிறகுதான் அவன் உளியை எடுத்தான்.

தேக்கில் சட்டம், அயினிப் பலகையில் உடம்பு. ஒன்று மேலே திறந்த பெட்டி, ஒன்று தட்டை வண்டி, ஒன்று பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கதவோடு மூடுபெட்டி, கடைசியில் கார்டுக்கு ஒரு குட்டி வண்டி. கதவுக்கு விரல் தடிமனில் தாழ்ப்பாள். வண்டியோடு வண்டியைக் கோக்கக் கொல்லன் அடித்த கொக்கிச் சங்கிலி. கார்டு வண்டிக்குக் கையால் இழுக்கும் பிரேக். செல்வதாஸே உட்கார்ந்து காவிச் சிவப்புப் பூசி, வெள்ளையில் நம்பர் எழுதினார். முடித்த அன்று பகவதியப்பன் நான்கையும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான்.

"நான் செய்த வண்டி கவுந்ததா யாரும் சொல்ல முடியாது, ஐயா" என்றான்.

புரட்டாசியில் மழை விட்ட ஒரு காலையில், தோப்பைச் சுற்றிப் போட்ட தண்டவாளத்தில் வண்டி ஓடியது. செல்வதாஸின் மனைவி ஞானபாய் அதுவரை அதைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. வயசான காலத்துல விளையாட்டுச் சாமான் என்று சொல்லிக்கொண்டிருந்தவள், அன்று என்ன தோன்றியதோ, சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மூடுபெட்டியின் மேல் ஒருபக்கமாக உட்கார்ந்துவிட்டாள். நல்ல கனத்த உடம்பு. நேர்ப்பாதையில் வண்டி அழகாகப் போயிற்று. கிணற்றடி வளைவில் முன்சக்கரம் தண்டவாளத்தின் மேல் ஏறியது. மூடுபெட்டி மெல்லச் சாய்ந்து, ஞானபாயைத் தரையில் தள்ளியது. வலது கையை ஊன்றி விழுந்தாள்.

அவள் லேஸ் பின்னுகிறவள். பாதிரி வீட்டு அம்மாவிடம் சிறுவயதில் கற்றது. அவள் பின்னிய விரிப்புதான் சபையின் நற்கருணை மேசையில் கிடக்கும். அந்தக் கை கண்முன்னே புடைத்து வீங்குவதைப் பகவதியப்பன் பார்த்தான்.

எலும்புமுறிவு வைத்தியர் சுயம்புலிங்கம் ஆசான் வந்து தடவிப் பார்த்தார். "வீக்கத்துல ஒண்ணும் சொல்ல முடியாது. பச்சிலை வச்சுக் கட்டியிருக்கேன். மூணாம் நாள் அவுத்தாத்தான் எலும்பு ஒடிஞ்சிருக்கா இல்லியான்னு தெரியும்" என்றார்.

பகவதியப்பன் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தான். மனைவி முத்துக்கனி கஞ்சி கொண்டுவந்தாள், தொடவில்லை. எந்தப் பொருத்தில் தப்பு, எந்த முளை தளர்ந்தது என்று ஒவ்வொன்றாக மனதுக்குள் கழற்றி மாட்டிப் பார்த்தான். மறுநாள் விடிந்ததும் பொறுக்க மாட்டாமல் தோப்புக்குப் போனான். வீட்டுப் பக்கம் போக முகம் இல்லை. பின்வாசலால் நுழைந்து, மூடுபெட்டியைத் தண்டவாளத்தில் தூக்கி வைத்து, கையால் மெல்லத் தள்ளினான். கிணற்றடி வந்ததும் குனிந்து பார்த்தான். மழையில் மண் இறங்கி, ஒருபக்கத் தண்டவாளம் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. அங்கே முன்சக்கரம் ஒன்று தண்டவாளத்தைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது.

பொருத்து எதுவும் விடவில்லை. வண்டி வளைந்து கொடுக்கவில்லை, அதுதான் காரியம். நாலு மூலையையும் அவன் கல்போல இறுக்கியிருந்தான்.

தெரிந்து என்ன? இறுக்காமல் வண்டி எப்படி நிற்கும்? அதே யோசனையோடு வீடு வந்து அடுக்களை வாசலில் உட்கார்ந்தான். முத்துக்கனி மூன்று கல் கூட்டிய வெளியடுப்பில் நெல் அவித்துக்கொண்டிருந்தாள். ஒரு கல் உயரம், மற்ற இரண்டும் தாழ்வு. பானை லேசாகச் சாய்ந்திருந்தாலும் ஆடாமல் இருந்தது.

"ஏட்டி, பானை ஆடல்லியே?"

"மூணு கல்லுல வச்சா எங்கயாவது ஆடுமா? நாலு வச்சாத்தான் ஒண்ணு தொடாம நிக்கும்" என்றாள் அவள், திரும்பாமலே. "கஞ்சி குடிக்கியளா, கொட்டட்டுமா?"

அவன் பானையையே பார்த்தான். பின் அச்சு இருந்தபடியே இரண்டு பக்கமும் சட்டத்தைத் தாங்கட்டும். முன் அச்சைப் பக்கங்களில் பூட்டாமல், நடுவில் ஒரே ஒரு முளையில் நிறுத்தினால்? தண்டவாளம் தாழ்ந்தால் அச்சு அந்தப் பக்கம் சாய்ந்துகொள்ளும். சக்கரம் இரும்பை விடாது. உடம்புக்கு மூன்றே இடத்தில் தாங்கல்.

"கஞ்சியக் கொண்டா" என்றான்.

மூன்றாம் நாள் ஆசான் கட்டை அவிழ்க்கும்போது பகவதியப்பன் முற்றத்தில் நின்றான். உள்ளே ஏற நெஞ்சு துணியவில்லை. ஆசான் ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டினார், மணிக்கட்டைத் திருப்பினார். ஞானபாய் பல்லைக் கடித்தாள்.

"ஒடியல்ல. சுளுக்குத்தான். பத்து நாள்ல ஊசி பிடிக்கலாம்."

பகவதியப்பன் முற்றத்து மணலிலேயே உட்கார்ந்துவிட்டான். கண்ணில் நீர் வந்ததை மறைக்க மேல்துண்டால் முகத்தைத் துடைத்தான்.

"அவன் ஏன் அங்க இருக்கான்? உள்ள வரச் சொல்லுங்க" என்றாள் ஞானபாய்.

அவன் வந்து காரணத்தைச் சொன்னான். செல்வதாஸ் கேட்டுவிட்டு, "வண்டிய ஏன் தொடணும்? தண்டவாளத்துக்கு அடியில சரல் கல்லு போட்டு இறுக்கிட்டாப் போச்சு" என்றார்.

"இன்னைக்கு இறுக்குவிய. அடுத்த மழையில மண்ணு நம்ம பேச்சக் கேக்குமா ஐயா? வண்டிதான் இணங்கிப் போகணும்."

செல்வதாஸ், "சரி, வண்டிய அவிழும்" என்றார்.

நான்கு வண்டிகளையும் அவிழ்த்து, முன் அச்சுகளை நடுமுளையில் நிறுத்திப் பூட்டப் பதினோரு நாள் ஆயிற்று. முதலில் நெல் மூட்டை ஏற்றினார்கள். பிறகு தேங்காய். வேண்டுமென்றே கிணற்றடியில் மண்ணைச் சுரண்டித் தண்டவாளத்தை இன்னும் தாழ்த்தியும் பார்த்தான் பகவதியப்பன். ஒவ்வொரு முறையும் வண்டி தலையை லேசாக ஆட்டிவிட்டுப் போயிற்று.

பன்னிரண்டாம் நாள் ஞானபாய் வந்து நின்றாள்.

"அம்மா, இன்னும் ரெண்டு நாள் மூட்டை வச்சுப் பாத்துட்டு..." என்று பகவதியப்பன் இழுத்தான்.

"விழுந்தவ நான். நான் ஏறாம ஊருல ஒருத்தி ஏற மாட்டா. தள்ளி நில்லும்."

அதே மூடுபெட்டி. இந்த முறை இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். செல்வதாஸ் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி எஞ்சினை மெல்ல விட்டார். பகவதியப்பன் வண்டியோடு கூடவே ஓடினான். கிணற்றடி வளைவு வந்தது. முன் அச்சு சாய்ந்தது. சக்கரம் இரும்பைத் தடவிக்கொண்டு திரும்பியது. ஞானபாயின் தலை கொஞ்சம் இடப்பக்கம் போய் நேரானது. அவ்வளவுதான். வண்டி தென்னைகளுக்கு இடையே போய்விட்டது.

அவன் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். தோப்பின் அந்தக் கோடியிலிருந்து ஞானபாயின் சிரிப்பு கேட்டது. அப்படிச் சிரித்து யாரும் கேட்டதில்லை.

சுற்றி வந்து நின்றதும் அவள் இறங்கவில்லை. "மேசிரி, நீரு ஏறினீரா?"

"இல்லம்மா. செய்யத்தான் நேரம் இருந்துது."

"அப்ப ஏறும். பெறகால கெடக்கே, அதுல."

பகவதியப்பன் கார்டு வண்டியில் கால்களை மடக்கி உட்கார்ந்து, பிரேக் கம்பியை இறுகப் பிடித்தான். விசில் ஊதியது. முதல் தென்னை போயிற்று, இரண்டாவது போயிற்று. கிணற்றடியில் வண்டி அவனைத் தாலாட்டுவதுபோல ஆட்டியது. அதற்கப்புறம் அவன் கையைத் தளர்த்தி மடியில் வைத்துக்கொண்டான்.