அண்ணன் வெயிலும் தங்கை வெயிலும்

பேருந்து நிறுத்தத்தில் நகராட்சி வைத்த மின்பலகை, திறப்பு விழா அன்றே நகராட்சித் தலைவியின் மானத்தை வாங்கிவிட்டது. "நம்ம ஊர் பசுமையான ஊர், குளிர்ச்சியான ஊர்" என்று அவர் மைக்கில் முழங்கிக்கொண்டிருந்தபோது, தலைக்கு மேலே அது சிவப்பு எழுத்தில் நாற்பத்து மூன்று டிகிரி காட்டியது. முதல் விசில் முன்வரிசையிலிருந்து வந்தது. அடித்தவர் எதிர்க்கட்சித் தலைவர். மின்விசிறிக் கடைக்காரர். தலைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன்.

வீடு திரும்பியதும் தலைவி, பலகையை மாட்டிய கொழுந்தனைக் கூப்பிட்டார்.

"தம்பி, அதைக் கொஞ்சம் குறைக்க முடியுமா?"

"எதை அண்ணி?"

"வெயிலை."

அவன் தலையைச் சொறிந்தான். "வெயில் நம்ம கையில இல்ல. நம்பரை வேணா குறைக்கலாம்."

"முப்பத்தி நாலு வை. ஜனங்க சந்தோஷமா இருக்கட்டும்."

மறுநாள் பஸ்சுக்கு நின்றவர்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டே பலகையை அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவர் தனக்குத்தான் காய்ச்சல் என்று பயந்து மருத்துவரிடம் ஓடினார்.

அண்ணன் சும்மா இருப்பாரா? சாலைக்கு எதிர்ப்பக்கம் இன்னும் பெரிய பலகை ஒன்றை நிறுத்தினார். அதில் நாற்பத்து எட்டு. கீழே அவர் கடை மின்விசிறியின் படம். அதை மாட்டியவனும் அதே கொழுந்தன்தான்.

"ரெண்டு பேரும் சொந்தம் அண்ணி, யாரை விடச் சொல்றீங்க?" என்றான்.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. ஆளுங்கட்சிக்காரர்கள் வெளியிடத்தில் வியர்வை துடைப்பதையே நிறுத்தினார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் தலையில் ஈரத்துண்டு இல்லாமல் வீட்டைவிட்டு இறங்கவில்லை. பள்ளிக்கு விடுமுறை கிடைக்கும் என்று பிள்ளைகள் மட்டும் மொத்தமாக நாற்பத்து எட்டின் பக்கம் சாய்ந்தார்கள்.

ஒருநாள் மூன்று மணி வெயிலில் அண்ணனும் தங்கையும் நடுச்சாலையில் நேருக்கு நேர் சண்டை பிடித்துக்கொண்டார்கள்.

"உன் வெயில் பொய்ண்ணே!"

"உன் வெயில் மட்டும் ரொம்ப யோக்கியமோ?"

பதில் சொல்ல வாயைத் திறந்த தலைவிக்குக் கண் இருட்டியது. கால் மடங்கியது. அண்ணனுக்கு அரசியல் மறந்துபோனது. "ஐயோ பாப்பா!" என்று தாங்கிப் பிடித்துக்கொண்டு நிழல் தேடினார். சுற்றுவட்டாரத்தில் ஒரு மரம் இல்லை. சாலை அகலப்படுத்த முன்பு அவர் ஆட்சியில் பாதி போனது, தங்கை ஆட்சியில் மீதி. கடைசியில் தன் பலகையின் நிழலுக்கே தங்கையைக் கொண்டுபோனார். அங்கே ஏற்கெனவே ஒரு கூட்டம் நெருக்கியடித்து நின்றது.

"கொஞ்சம் தள்ளிக்குங்க" என்றார்.

"எங்கய்யா தள்றது? காலையில அம்மா போர்டு நிழல், இப்ப உங்க போர்டு நிழல். இதை விட்டா எங்களுக்கு ஏது கதி?" என்றாள் ஒரு தையல்காரி. ஆனாலும் தலைவியின் முகத்தில் தண்ணீர் தெளித்தவள் அவள்தான்.

கண் விழித்த தலைவி முதலில் கூட்டத்தைப் பார்த்தார், பிறகு அண்ணனைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணனும் அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தார்.

அடுத்த நகராட்சிக் கூட்டத்தில் யாரும் நாற்காலியைத் தூக்கவில்லை. நிறுத்தத்துக்குக் கூரை, சாலையோரம் முழுக்க மரக்கன்றுகள், இரண்டு பலகையிலும் உள்ளபடி வெயில் என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. கூரையில் யார் பெயரை முதலில் போடுவது என்ற சண்டை மட்டும் இன்னும் ஓயவில்லை.

இப்போது அண்ணன் தினமும் கடை திறக்கும் முன் தங்கை நட்ட கன்றுக்கும் சேர்த்துத் தண்ணீர் ஊற்றுகிறார். யாராவது பார்த்துவிட்டால், கால் கழுவுவதாகச் சொல்கிறார்.