மேடையில் இருந்த அன்னார்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை நான் ஒட்டுக்கேட்டேன். ஜெர்மனியில் ஹம் நகருக்குப் போகிற ரயிலில் எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் கதைத்துக்கொண்டு வந்தார்கள். "ஆள் மேடையிலை உயிரோடை இருக்கிறார், சனம் எழும்பி நிண்டு அஞ்சலி செலுத்துது!" என்றாள் ஒருத்தி. மற்றவள் சிரித்த சிரிப்பில் டிக்கெட் பரிசோதகரே திரும்பிப் பார்த்தார். ஆள் ஆர் என்று அவள் கேட்க, நைஜீரியாக்காரர், அங்கே செனட்டராக இருந்தவர் என்று பதில் வந்தது. அதற்குள் அவர்கள் இறங்கவேண்டிய இடம் வந்துவிட்டது. பொல்லாத ரயில், தாமதிக்கவேண்டிய நாளில் மட்டும் தாமதிக்காது.

மீதி முழுவதும் என் கற்பனை. செனட்டரும் கற்பனை, கலியாணமும் கற்பனை. பிழை இருந்தால் என்னைத் திட்டுங்கள், நைஜீரியாவைத் திட்டாதீர்கள்.

2.

எழுதி விட்டுவிட்ட தொடக்கங்கள்:

செனட்டர் பாஸ்கல் ஒன்யெடிகா பிறந்த அன்று ஆற்றில் வெள்ளம் கரைபுரண்டு—

(வேண்டாம். பெரிய மனிதர் பிறந்தால் ஆறு பெருகத்தான் வேண்டுமா?)

தலைநகர் அபுஜாவின் செனட் மண்டபத்தில் அன்று காலை பலத்த கூச்சல். செனட்டர் தன் கண்ணாடியைக் கழற்றி—

(நான் அபுஜாவைக் கண்டதில்லை. மண்டபத்துக்கு எத்தனை வாசல் என்று யாராவது கேட்டால் முழிக்கவேண்டும்.)

பேர்பெச்சுவாவுக்கு ஒரு கவலை இருந்தது.

இது பரவாயில்லை. கவலை எனக்குத் தெரிந்த விஷயம். இதிலேயே தொடங்குவோம்.

3.

பேர்பெச்சுவா மன்னார்க்காரி, ஜெர்மனியில் எசன் நகரில் இருக்கிறார். அவருடைய ஒரே மகன் எமில். கொலோனில் கூடப் படித்த சியோமாவைக் கட்டப்போகிறான். சியோமாவின் தகப்பன்தான் நம்முடைய செனட்டர். பிள்ளை தங்கமான பிள்ளை, பேர்பெச்சுவாவுக்கு அவளில் ஒரு குறையும் இல்லை. கவலை எல்லாம் தன் அக்கா மரியமலரைப் பற்றியது. தாய் இறந்தபின் பேர்பெச்சுவாவை வளர்த்து, ஜெர்மனிக்குக் கூப்பிட்டு, கலியாணமும் கட்டி வைத்தவர் மரியமலர். அவர் இப்போது சொல்லிவிட்டார்: மண்டபத்துக்கு வருவேன், வராவிட்டால் சனம் கதைக்கும். பின்வரிசையில் இருப்பேன். மேடை ஏறமாட்டேன். ஆர் எவர் என்று தெரியாத இடம்.

(இதற்கு மேலும் ஒரு சொல் சொன்னார். அதை இங்கே எழுதவில்லை. கறுப்பு மனிதரைப் பற்றி எங்கள் வீடுகளில் புழங்குகிற அந்தச் சொல்லை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.)

அக்கா ஏறாத மேடையில் மகனின் கலியாணம் நடப்பதை பேர்பெச்சுவாவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ரயில் ஏறி ஹம்முக்குப் போய் உருத்திரமூர்த்தியின் வீட்டு மணியை அடித்தார்.

உருத்திரமூர்த்தி தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இந்தப் பக்கத்தில் நம்மவர் யார் இறந்தாலும், முப்பத்தோராம் நாள் நினைவுக்கு அச்சடிக்கிற வாழ்க்கை வரலாற்றை அவர்தான் எழுதுவார். கல்வெட்டு என்பார்கள் யாழ்ப்பாணத்தார். அவர் கை பட்டால் கடன்காரனும் கொடைவள்ளல், கோபக்காரனும் குணக்குன்று. எழுதிவிட்டு, நினைவுக் கூட்டத்தில் தானே எழுந்து வாசிப்பார். கணினியில் ஒரே ஒரு கோப்புத்தான் வைத்திருந்தார். போன ஆளின் மேலேயே அடுத்த ஆளை எழுதுவார்.

"அண்ணை, சம்பந்தியைப் பற்றி நீங்கள் நல்லா எழுதி மண்டபத்திலை வாசிக்கவேணும். ஆர் எவர் எண்டு எங்கடை சனத்துக்குத் தெரியவேணும். அக்காவுக்குத் தெரியவேணும்."

"நான் செத்த ஆக்களுக்கெல்லோ எழுதுறனான், தங்கச்சி."

"உயிரோடை இருக்கிறவருக்கு எழுதுறது சுகம்தானே? கேட்டால் பதில் சொல்லுவார்."

மறுக்க ஏலாத வாதம். உருத்திரமூர்த்தி கோப்பைத் திறந்தார். கடைசியாக இறந்த ஸ்ரீஸ்கந்தராஜா அதற்குள் இருந்தார். அவருடைய பெயரை அழித்துவிட்டு செனட்டரின் பெயரைப் போட்டார்.

(இந்த மனிதர் எனக்கு மிகவும் வசதியாக அமைந்துவிட்டார் என்று ஒரு சந்தேகம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் உங்கள் பட்டணத்திலும் இப்படி ஒருவர் இருப்பார், விசாரித்துப் பாருங்கள்.)

4.

செனட்டர் முழங்கால் சத்திரசிகிச்சை செய்துகொண்டு எசனில் மகள் வீட்டில் தங்கியிருந்தார். உருத்திரமூர்த்தி தன் வழமையான வரிசையில் கேட்கத் தொடங்கினார். பிறந்த ஊர். தாய் தகப்பன். கூடப்பிறந்தவர்கள். ஆங்கிலம் இடறிய இடத்தில் சியோமா ஜெர்மனில் கைகொடுத்தாள்.

"பத்திரிகைக்காரர்கள் என் சொத்தைக் கேட்டிருக்கிறார்கள், கட்சியைக் கேட்டிருக்கிறார்கள்" என்றார் செனட்டர். "என் தங்கைமாரின் பெயரை இன்றைக்குத்தான் ஒருவர் கேட்கிறார்."

(அவர் பேசியது ஆங்கிலம். அவருக்கு யாழ்ப்பாணத் தமிழ் கொடுக்க எனக்குத் துணிவு வரவில்லை.)

தகப்பன் மாதா கோயிலில் ஞானபாடம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார். சிறு வயதில் ஊரில் போர் வந்தது. குடும்பத்தோடு காடு காடாக நடந்தார்கள். இரண்டு தங்கைமார் பசியில் இறந்துபோனார்கள். உருத்திரமூர்த்தி அந்த இரண்டு பெயர்களையும் எழுத்துக்கூட்டிக் கேட்டார். செனட்டர் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

(இங்கே அவர்களின் போரையும் எங்களின் போரையும் ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். அந்த இரண்டு பெயர்களே போதும்.)

பிறகு பூகோள ஆசிரியர் வேலை. ஊர் ஆற்றுக்குப் பாலம் இல்லாததால் மாரியில் பாதி வகுப்பு வராது. பாலம் கேட்டுக் கேட்டு உள்ளூர்ச் சபைக்குப் போனார், பாலம் கேட்டே செனட்டுக்கும் போனார். இரண்டு தடவை வென்றார்.

"பாலத்தைக் கட்டினீர்களா?"

செனட்டர் சிரித்தார். "பாலத்துக்காக இரண்டு முறை கட்சி மாறினேன். பாலத்துக்காகத்தான் என்றேன், என் மனைவிகூட நம்பவில்லை. மூன்றாவது தேர்தலில் தோற்றேன். என்னைத் தோற்கடித்தவன் பாலத்தைக் கட்டினான். திறப்பு விழாவுக்கு அழைத்தான். போய் முன்வரிசையில் இருந்து கை தட்டினேன். நல்ல பாலம்."

"அதை விட்டுவிடுவோம்" என்றார் உருத்திரமூர்த்தி. தன் எழுத்தில் அவர் ஒருவரையும் தோற்கவிட்டதில்லை.

"மற்றதை விட்டாலும் அதை விடாதீர்கள்" என்றார் செனட்டர். அவர் முகத்தில் வருத்தம் துளியும் இல்லை. இப்படி நிறைவான ஒரு அரசியல்வாதியை என்னால் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது, மாற்ற மனம் வரவில்லை.

5.

கலியாண நாள். கோயிலில் ஆசீர்வாதம் முடிந்து எல்லோரும் மண்டபத்துக்கு வந்துவிட்டார்கள். மேடையில் மணமக்கள், பேர்பெச்சுவா, செனட்டர். பின்வரிசையில், வாசலுக்குப் பக்கத்துக் கதிரையில் மரியமலர். எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்பதுபோலக் கைப்பையை மடியில் வைத்திருந்தார்.

உருத்திரமூர்த்தி வாசித்தார். "அன்னார் உபதேசியாரின் தலைமகனாக…" என்று தொடங்கியதுமே பேர்பெச்சுவா மேடையிலிருந்து வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். மரண அறிவித்தலில் அல்லாமல் வேறு எங்கே நம்மவர் 'அன்னார்' என்று எழுதியிருக்கிறார்கள்? ஆனால் உபதேசியார் என்ற சொல்லுக்கு மரியமலர் தலை நிமிர்ந்தார். அவருடைய தகப்பனும் உபதேசியார்தான்.

(கொஞ்சம் வசதியான ஒற்றுமை. வெட்டலாமா என்று யோசித்தேன். மன்னாரில் உபதேசியாருக்கா பஞ்சம் என்று விட்டுவிட்டேன்.)

பாலத்தின் கதை வந்தபோது மண்டபம் சிரித்தது, பிறகு கை தட்டியது. உருத்திரமூர்த்திக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை காலம் வாசித்தும் அவருக்கு யாரும் கை தட்டியதில்லை, தட்டுகிற இடங்களில் அவர் வாசித்ததும் இல்லை. அந்தச் சந்தோஷத்தில் கண் பார்க்க முன்னமே வாய் வாசித்துவிட்டது. ஸ்ரீஸ்கந்தராஜாவின் கடைசிப் பந்தி அழிபடாமல் அங்கேயே இருந்தது.

"அன்னாரின் ஆத்மா சாந்தியடைய, எல்லோரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்துவோமாக."

மண்டபம் எழுந்து நின்றது.

சிரிக்காதீர்கள். நீங்களும் எழுந்திருப்பீர்கள். எந்தக் கூட்டமானாலும் முதலில் போரில் இறந்தவர்களுக்காக எழுந்து நின்று தலை குனிந்து பழகிய சனம் நாங்கள். அந்த வசனத்தைக் கேட்டால் கால் தானாக எழும்பும். ரோல்ஸைக் கடித்துக்கொண்டிருந்தவர்கள் மெல்லாமல் நின்றார்கள். வீடியோக்காரர் கமராவைத் தாழ்த்தினார். மரியமலரும் எழுந்து சிலுவை போட்டுக்கொண்டார்.

செனட்டருக்குக் கூட்டங்கள் புதிதல்ல. லொறியில் ஏற்றி வந்த கூட்டம், சாப்பாடு கொடுத்துச் சேர்த்த கூட்டம் எல்லாம் கண்டவர். ஒருவரும் கேளாமல், ஒரு கோஷமும் இல்லாமல், ஒரு மண்டபம் முழுவதும் தனக்காக எழுந்து நிற்பதை அவர் கண்டதில்லை. அவரும் எழுந்தார். நெஞ்சில் கை வைத்தார். கண் நிறைந்துவிட்டது. பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தானே மேடையை விட்டு இறங்கி, வரிசை வரிசையாகக் கைகொடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். சியோமா பின்னால் ஓடினாள். அவர் வருகிறபோது யார் இருக்க முடியும்? எல்லோரும் நின்றபடியே இருந்தார்கள்.

கடைசி வரிசையில் மரியமலரின் கையைப் பிடித்துக்கொண்டு மகளிடம் கேட்டார்: "கடைசியாக அவர் வாசித்தது என்ன? இவரிடம் கேட்டுச் சொல்லு."

6.

இந்த இடத்துக்கு மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் எமில் ஓடிவந்து, "நீங்கள் நூறு வயது வாழவேண்டும் என்று வாழ்த்தினார்" என்று பொய் சொல்கிறான். நல்ல பிள்ளை, ஆனால் கதை செத்துவிடுகிறது.

இரண்டாவதில் உருத்திரமூர்த்தி மன்னிப்புக் கேட்கிறார். அதற்கு ஆளைக் காணவில்லை. மேடைத் திரைக்குப் பின்னால் ஒளிந்துவிட்டார்.

மூன்றாவதில் மரியமலரே பதில் சொல்கிறார். வயோதிபர் இல்லத்தில் காலமெல்லாம் வேலை செய்தவர், நோயாளியிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. சியோமாவிடம் ஜெர்மனில் சொன்னார். அவருடைய தமிழிலேயே தருகிறேன்:

"செத்தவைக்குச் சொல்லுறதை அந்த மனிசன் உங்கடை அப்பாவுக்குச் சொல்லிப்போட்டுது, பிள்ளை. குறை நினைக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. நாங்கள் செத்த ஆக்களைப் பற்றித்தான் இவ்வளவு நல்லாக் கதைக்கிறனாங்கள்."

சியோமா தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தாள். செனட்டர் ஒரு கணம் மரியமலரையே பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். மண்டபம் அதிரச் சிரித்தார். "எங்கள் ஊரிலும் அப்படித்தான் என்று சொல்லு! நான் முந்திக்கொண்டேன்!" சிரித்த வேகத்தில் புது முழங்கால் ஆட்டம் கண்டது. மரியமலரின் கை, மரியமலரைக் கேளாமலே, அவருடைய கக்கத்தடியில் போய்த் தாங்கிப் பிடித்தது. "மெல்ல, மெல்ல. காலைப் பாத்து வையுங்கோ."

இருவரும் மண்டபத்தின் நடுவால் நடக்கிறார்கள். மேடையில் பேர்பெச்சுவா வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். மேடைக்குச் சில படிகள். ஆட்டம் கண்ட புதுக் காலோடு இனி அவரால் தனியே ஏற ஏலாது. படியடியில் எமில் கையை நீட்டிக்கொண்டு தயாராக நிற்கிறான். அவனிடம் ஒப்படைத்துவிட்டு மரியமலர் திரும்பிவிடலாம், யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

கல்வெட்டு என்றால் முடிவில் ஒரு திகதி இருக்கும். இங்கே ஆள் உயிரோடு இருக்கிறார், அதனால் நான் இதோடு நிறுத்துகிறேன். ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். மரியமலரின் கைப்பை பின்வரிசைக் கதிரையில் அப்படியே கிடக்கிறது. அதை எடுத்துக்கொண்டுபோய் அவரிடம் கொடுத்துவிடுங்கள். வாசலிலா, மேடையிலா, எங்கே நிற்கிறார் என்று நீங்களே பாருங்கள்.