பழைய சர்வரும் ஈரக் காலுறைகளும்

புதுக் கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் காலுறைகள் காய்வதில்லை. நியூசிலாந்தில் ஜூலை குளிர்காலம்; எங்கள் ஒமாருவில் அப்போது கொடியில் எதைப் போட்டாலும், எடுக்கும்போது போட்டதைவிடக் கனமாக இருக்கும். இத்தனை வருடம் எனக்கு அந்தக் கவலை இருந்ததில்லை. துணி துவைக்கும் அறையில் என் கணவன் நெவிலின் பழைய சர்வர் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. டுனீடினில் ஏதோ அலுவலகம் கழித்துப்போட்டதை ஏலத்தில் எடுத்து வந்திருந்தான். இரண்டு பிராசஸர், இருபத்தெட்டு கோர் என்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வான். எனக்குத் தெரிந்ததெல்லாம் அதன் முதுகிலிருந்து வீசும் அனலும், விமானம் கிளம்புகிற மாதிரியான இரைச்சலும்தான். அனலுக்காக இரைச்சலைப் பொறுத்துக்கொண்டேன்.

அவன் அதை வாங்கியது சதுரங்கத்துக்காக. எதிரெதிரே உட்கார்ந்து ஆடுவது இல்லை. இணையத்தில், ஒரு காயை நகர்த்த நாள்கணக்கில் யோசித்து, கம்ப்யூட்டரையும் கேட்டு ஆடுகிற வகை. கேட்பது விதிப்படி சரிதான். எதிராளி எப்போதும் டகல். மரம் அறுக்கும் ஆலையில் நெவிலோடு வேலை பார்த்தவன், இப்போது இன்வர்கார்கிலில் தனியாக இருக்கிறான். அதே ஏலத்தில் அதே மாதிரி ஒரு சர்வரை அவனும் எடுத்தான். அதன் பின்னால் காலுறை காயப்போடலாம் என்று எனக்குச் சொன்னவள் அவன் மனைவி மொய்ராதான். மொய்ரா போய்ச் சேர்ந்த பிறகு டகல் யாருடைய போனையும் எடுப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கீழே நெவிலுக்கு ஒரு வரி எழுதுவான். ‘பனி. முட்டி வலி. நாய் இன்னும் சாகல.’ அவ்வளவுதான். அந்த வரியை நெவில் டோஸ்ட் ஆறிப்போகும்வரை படிப்பான்.

இரண்டு மிஷினும் ஒரே மாதிரி என்பதால் ஆட்டம் எல்லாம் டிராவில்தான் முடியும். ஒருமுறை எங்கள் வீட்டு மேசையில் சிப்பி தின்றுகொண்டே டகல் சொன்னான், “உன்கிட்ட தோத்தேன்னா அன்னைக்கே ஆட்டத்துக்கு ஒரு முழுக்குடா.” சிரித்தோம். ஆனால் அவன் சொன்னால் செய்கிற ஆள். கூடப்பிறந்த அண்ணனோடு பேசமாட்டேன் என்றவன், அடக்கத்துக்கும் போகவில்லை.

இந்த வருடம் நெவிலின் பிறந்தநாளுக்கு எங்கள் மகள் ஒரு புது டெஸ்க்டாப் வாங்கிக்கொடுத்தாள். சத்தமே இல்லாத சின்னப் பெட்டி. பதினாறு கோரை வைத்துக்கொண்டு இது என்னத்தைக் கிழிக்கும் என்று நெவில் மூக்கைச் சுளித்தான். பிறகு ஒரே ஆட்டத்தை இரண்டிலும் கொடுத்து, வினாடிக்கு எத்தனை நகர்த்தல்களை அலசுகிறது என்று பார்த்தான். நம்பாமல் மறுபடி பார்த்தான். பழசு சூடாகியிருக்கும் என்று ஜன்னலைத் திறந்துவைத்து இன்னொரு தடவையும் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் புதுசு ஏறக்குறைய இரண்டு மடங்கு. கிழட்டு ஆட்கள் ஆட்டுமயிர் கத்தரிக்கும் கொட்டகையில், அவர்களில் பாதி எண்ணிக்கை இளவட்டங்கள் வந்து இறங்கி, இரண்டு மடங்கு ஆட்டுக்குக் கத்தரித்த கதை. மின்சாரமும் கொஞ்சம்தான். அன்று மாலையே பழசின் ஒயரைப் பிடுங்கினான். வீட்டில் மழைச் சத்தம் கேட்டது. நான் நிம்மதியாகத் தூங்கினேன், ஈரக் காலுறையோடு எழுந்தேன்.

நேற்றுக் காலை நெவில் டோஸ்ட்டைத் தொடவில்லை. என்ன என்று கேட்டேன்.

“ஜெயிச்சிட்டேன்,” என்றான், பல் பிடுங்கிக்கொண்டு வந்தவன் முகத்தோடு. டகல் கடைசியாக ஒரு சிப்பாயை நகர்த்தியிருக்கிறான். பார்வைக்கு ஒரு குற்றமும் இல்லை. ராத்திரி முழுக்க ஓடிய புதுப் பெட்டி விடிகிற நேரத்தில் வழி கண்டுபிடித்துவிட்டது. குதிரையைப் பலி கொடுத்தால் டகலுக்குத் தப்ப இடமில்லை. டகலுடைய பழசும் ஒரு ராத்திரி ஓடியிருக்கும், ஒன்றும் தெரிந்திருக்காது.

வேறு எதையாவது நகர்த்திவிட்டுப் போ, யாருக்குத் தெரியும் என்றேன்.

“ஆட்டம் முடிஞ்சதும் அவன் எல்லாத்தையும் மிஷின்ல போட்டு வாரக்கணக்குல ஓடவிட்டுப் பாப்பான், கிழவி. விட்டுக்கொடுத்தேன்னு தெரிஞ்சா தோக்குறதவிட மோசம்.”

ஜெயித்தாலும் அந்த ஒரு வரி நின்றுபோகும், விட்டாலும் நின்றுபோகும். எனக்கு அந்தச் சின்னப் பெட்டியின் மேல் ஆத்திரமாக வந்தது. வாங்கிக்கொடுத்த மகள் மேலும் வந்தது, அது நியாயமில்லை என்று தெரிந்தும்.

மத்தியானம் துணி துவைக்கும் அறையிலிருந்து மறுபடி விமானம் கிளம்பியது. போய்ப் பார்த்தேன். கவிழ்த்துப்போட்ட வாளியின் மேல் நெவில் உட்கார்ந்திருந்தான். அதே ஆட்டத்தைப் பழசிடம் கொடுத்திருந்தான். நகர்த்த அவனுக்கு மறுநாள் மாலை வரை நேரம் இருந்தது.

“இதுக்கும் அந்தக் குதிரை தெரிஞ்சா ஆடிடுவேன். அவனும் காத்திருந்தா அவன் மிஷின்லயும் பாத்திருக்கலாம், அது நியாயம்.”

தெரியாவிட்டால், எப்போதும் போல டிரா. இன்னொரு வாளி நிறைய ஈரக் காலுறைகளைக் கொண்டுவந்து, துணி ஸ்டாண்டை அனலுக்கு முன்னால் இழுத்துப் போட்டேன்.

இன்று காலையும் திரையில் பூஜ்யம்தான், இரண்டு பக்கமும் சமம். அந்த மிஷின் முட்டாளாகவே இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது டகலிடமிருந்து ஒரு வரி வந்தது. நகர்த்தல் முறை அவனுடையது இல்லை, ஆனாலும் எழுதியிருந்தான். நெவில் அதை என் பக்கம் திருப்பிக் காட்டினான்.

‘கொஞ்ச நாளா நீ ஆடுறது வேற மாதிரி இருக்கு. உன் வீட்ல சாக்ஸ் காயுதா?’

“பழச நிறுத்தினது அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு,” என்றான் நெவில்.

 அவன் விரல்களை விசைப்பலகையில் வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“காஞ்சிடுச்சா? அவனுக்குப் பொய் எழுத முடியாது.”

காற்றில் ஆடிக்கொண்டிருந்த அவனுடைய சாம்பல் நிறக் காலுறையைப் பிடித்துப் பார்த்தேன். விரல் பக்கம் சூடாக இருந்தது. குதிகால் இன்னும் ஈரம்.

“இன்னும் இல்ல,” என்றேன்.

நெவில் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, காலுறைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.